நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு

அண்ணன் நில அளவையாளன். கோடு பிசகினால் அவனுக்குச் சோறு இறங்காது. மூன்று வருடமாக அம்மாவின் வம்சத்தை வரைந்துகொண்டிருந்தான். இருநூற்றுப் பதினொரு பேர். உச்சியில் மீசை வைத்த நீதிபதி. ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்கள் கூடும்போது விரித்துக் காட்டுவதாக எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. ஓர் இடம் மட்டும் காலி. போரின்போது அம்மா கன்னியர் மடத்தில் வளர்ந்த ஐந்து வருடம்.

அதை நிரப்ப அம்மா, அண்ணன், நான் மூவரும் மடத்துக்குப் போனோம்.

சாவி வைத்திருந்த வயதான சிஸ்டர் அம்மாவோடு அங்கே வளர்ந்தவர். அம்மாவின் எண் நாற்பத்தெட்டு. அவருடையது நாற்பத்தேழு.

"வாடி நாப்பத்தெட்டு. இன்னும் இருக்கியா?"

"உன்னை அனுப்பிட்டுப் போலாம்னுதான்."

சேர்க்கைப் பதிவேடு இல்லை. படை வந்த அன்று, அப்பன் பெயர் பார்த்துப் பிள்ளைகளைத் தூக்கிவிடக் கூடாதென்று மடத்துத் தலைவி மதரே அதை அடுப்பில் போட்டிருக்கிறார். பிறகு கவுனில் தைத்த எண்தான் பெயர். பேனுக்குப் பயந்து எல்லோருக்கும் மொட்டை வேறு. வீட்டுக்காரர்களுக்கு எண்ணை மட்டும் ரகசியமாகச் சொல்லி அனுப்பினார்கள். போர் முடிந்ததும் அதைச் சொல்லிப் பிள்ளையை வாங்கிப் போனார்கள்.

"மிஞ்சினது இதுதான்." சிஸ்டர் தண்டனை நோட்டை வைத்தார். "இதை எரிக்க யாருக்கும் தோணல."

மாமா வந்து அம்மாவை அழைத்துப் போன தேதியை அண்ணன் தேடி எடுத்தான். உரக்கப் படித்தான்.

"நாற்பத்தேழு. மதரின் செருப்பில் மை ஊற்றியது. மாலை வரை முழங்கால். நிறைவேறியது."

அம்மா குலுங்கிச் சிரித்தாள். "அரை புட்டி ஊத்தினேன்டா."

"நீயா? நீ நாப்பத்தெட்டாச்சே?" என்றான் அண்ணன்.

"வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியாடி?" என்றார் சிஸ்டர்.

அம்மா விரல் நகத்தைப் பார்த்தாள்.

"முட்டி வலிக்கும்னு அழுதா," என்றார் சிஸ்டர். "போனாப் போகுதுன்னு கவுனை மாத்திக்கிட்டு, இவ நாப்பத்தேழுல நான் முட்டி போட்டேன். உங்க மாமா வந்து நாப்பத்தெட்டுன்னார். என் கவுனோட இவ வண்டியில ஏறிட்டா."

"கூப்பிட்டாங்க, போனேன். ஆறு வயசு."

"நீங்க ஏன் சிஸ்டர் சொல்லல?" என்றேன்.

"சொன்னா, கவுன் மாத்தினதுக்கு இன்னொரு நாள் முட்டி போடணும். அப்புறம் இதுவே பழகிடுச்சு."

அண்ணன் வரைபடத்தை விரித்தான். "அப்ப இவங்க எல்லாரும் உங்க ஆளுங்க."

சிஸ்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நீதிபதி முதல் கைக்குழந்தை வரை பார்த்தார். "இவங்க எல்லார் வீட்டு நல்லது கெட்டதுக்கும் போகணுமா?"

"போகலன்னா கோவிச்சுப்பாங்க."

"ஐயோ, நீங்களே வச்சுக்கோங்க."

"சரின்னு சொல்லுண்ணா," என்றேன். "ஞாயித்துக்கிழமை யாருக்குத் தெரியப்போகுது?"

அண்ணன் என்னை முறைத்தான். பேனாவை எடுத்து அம்மாவின் பெயரை அடித்தான். சிஸ்டரின் பெயரை எழுதினான். அந்த ஒரு கோட்டில் அவனும் நானும் அந்தரத்தில் நின்றோம்.

அம்மா எட்டிப் பார்த்தாள். "டேய், என்னை எங்கடா போட்ட?"

"நீ எங்கயும் இல்லம்மா."

அம்மாவின் முகம் வாடியது. சிஸ்டர் பேனாவைப் பிடுங்கினார். தன் பெயரிலிருந்து பக்கவாட்டில் ஒரு கோடு இழுத்தார். கோணல் கோடு. அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டான்.

"இங்க எழுது. தங்கச்சி."

"யாருடி தங்கச்சி? நான்தான் மூத்தவ."

"எனக்குத்தான் முதல்ல பல் விழுந்துச்சு."

"அது நான் தள்ளிவிட்டதுல விழுந்தது."