ஞாயிற்றுக்கிழமைத் தலைவலி

தடதடவென்று பாத்திரங்கள் உருண்டன. ஒரு மூடி மட்டும் சமையலறைத் தரையில் வெகுநேரம் சுழன்று ஒருவழியாக அடங்கியது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி. நான்காம் மாடியில் குடியிருந்த லிஃப்ட் மெக்கானிக், முந்தின மாலை நண்பனின் பதவி உயர்வுக்காக ஆறு கிளாஸ் குடித்திருந்தான். அதனால் அவன் மனைவிக்குத் தலைவலி வந்திருந்தது. அவள் பேருந்து ஓட்டுபவள். பிறந்ததிலிருந்து ஒரு சொட்டு மதுவைத் தொட்டதில்லை. கல்யாணமாகி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. ஜன்னல் வெளிச்சம் ஊசி மாதிரி கண்ணில் இறங்கவே, தடுமாறி அலமாரியைப் பிடித்தவள், மேல்தட்டில் இருந்த அத்தனையையும் கீழே இறக்கிவிட்டாள். மெக்கானிக்கோ குளியலறையில் சீட்டியடித்துக்கொண்டே முகம் மழித்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் பறித்த தக்காளி மாதிரி அவன் முகம் பளபளத்தது.

சத்தம் கேட்டு வந்தவர் மாமியார். மகன் குடிக்க ஆரம்பித்த இருபதாவது வயதிலிருந்து ஒன்பது வருடமாக அந்தத் தலைவலி அவருக்குத்தான் வந்துகொண்டிருந்தது. அதைப் பற்றி அவர் யாரிடமும் குறைப்பட்டதில்லை. பிள்ளையைப் பெற்றால் இடுப்பு வலிக்கிறது, பிள்ளை குடித்தால் தலை வலிக்கிறது, இதில் என்ன அதிசயம் என்று இருந்துவிட்டார். அன்று காலையில் தலை லேசாக இருந்ததும் அவருக்குக் குழப்பமாகிவிட்டது. மகனின் ஒரு செருப்பு ஃபிரிட்ஜுக்குள் முட்டைகளுக்குப் பக்கத்தில் இருந்ததால், அவன் குடித்தது உறுதி. அப்படியானால் வலி எங்கே போயிற்று? மருமகளின் சிவந்த கண்களைப் பார்த்ததும் விஷயம் புரிந்தது. முக்காலியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார்.

"வந்து மூணு மாசம்தான் ஆச்சு. அதுக்குள்ள என் தலைவலியைப் பிடுங்கிட்டியே!"

"அத்தை, கொஞ்சம் மெதுவா அழுங்க. மண்டைக்குள்ள இடிக்குது."

யார் குடிக்கிறாரோ, அவர்மேல் அதிகம் பாசம் வைத்திருப்பவருக்குத்தான் மறுநாள் வலி போகும் என்பது மெல்ல அந்தக் கட்டடம் முழுக்கத் தெரியவந்தது. அந்த வீட்டில் ஆரம்பித்தது, குழாய்க் கசிவு மாதிரி ஒவ்வொரு மாடியாகப் பரவியது. மூன்றாம் மாடியில் தனியாக இருந்த பல் மருத்துவரின் தலைவலி அவருடைய நாய்க்குப் போயிற்று; அது காலையில் குழாயடியில் தலையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. முதல் மாடித் தையல்காரருக்கு மட்டும் அவர் தலையே வலித்தது. இரண்டு நாள் கடையைத் திறக்காமல் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தார். நான்கு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் தலை தெளிவாக இருந்தது. யாருக்கு வலிக்கிறது என்று ஐந்து மாடியும் ஏறி ஒவ்வொரு கதவாகத் தட்டினார். கடைசிக் கதவை, மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் பெண் தலையில் ஈரத்துணியோடு திறந்தாள். அடுத்த மாதம் கல்யாணம் ஆயிற்று.

ஒன்பது வருட அனுபவம் இருந்தும் மாமியாருக்கு இந்த வலியைக் கையாளத் தெரிந்திருக்கவில்லை. வெறும் வயிற்றில் ஒரு பெரிய கோப்பைக் கறுப்புக் காபி, எண்ணெயில் பொரித்த உருளைக்கிழங்கு, பிறகு சாயங்காலம்வரை இருட்டறை என்பது அவர் வைத்தியம். அப்படியே நானூற்றுச் சொச்சம் ஞாயிற்றுக்கிழமைகள் வீணாய்ப் போயிருந்தன. மருமகளுக்கு அந்த வசதி இல்லை, பன்னிரண்டு மணிக்கு டிப்போவில் இருக்க வேண்டும். காபி குடித்தாள், கை நடுங்கியது. உருளைக்கிழங்கு தின்றாள், போன வேகத்தில் திரும்பி வந்தது. தண்ணீரை மடமடவென்று குடித்தாலும் அதே கதிதான். மடக்கு மடக்காக, நேரம் எடுத்துக் குடித்தால் தங்கியது. அதில் எலுமிச்சை பிழிந்து, ஒரு சிட்டிகை உப்பும் கொஞ்சம் சர்க்கரையும் போட்டபோது நாக்கு மறுபடி தன்னுடையதானது. அரை மணி கழித்து நன்றாகப் பழுத்த வாழைப்பழம் ஒன்று. பிறகு வெண்ணெய் தடவாத டோஸ்ட். மஞ்சள் கரு இளகினாற்போல் வேகவைத்த முட்டை அதற்கப்புறம்தான். கிளம்பும் முன் தெளிவான காய்கறி சூப் ஒரு கிண்ணம் குடித்தால் கழுத்துக்குமேல் தலை இருப்பதே மறந்துபோகும். காபியைக் கடைசியில், அதுவும் அரைக் கோப்பைதான் தொடுவாள். காலையில் இன்னொரு கிளாஸ் ஊற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று யோசனை சொல்ல வந்த மெக்கானிக்கின் நண்பனை, மாமியார் கரண்டியோடு வாசலிலேயே சந்தித்தார். அவன் லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியிலேயே இறங்கிப் போனான்.

அப்படியும் தலை நிமிராத நாளில் அவள் பேருந்துச் சாவியைத் தொடமாட்டாள், விடுப்பு எழுதிக் கொடுத்துவிடுவாள். மற்ற நாட்களில் டிப்போ மேலாளர் அவள் கண்களைப் பார்த்துச் சந்தேகப்பட்டு, மூச்சு சோதிக்கும் கருவியை நீட்டுவார். பூஜ்யம் காட்டும். கருவி கெட்டுவிட்டதோ என்று ஒருநாள் அவரே ஊதிப் பார்த்தார். அது பூஜ்யம் காட்டவில்லை. அதற்குப் பிறகு அவர் யாரையும் சந்தேகப்படவில்லை. அவள் சொன்ன வரிசை கட்டடத்தின் எல்லாச் சமையலறைகளுக்கும் போயிற்று. நாய் வாழைப்பழத்தைச் சீண்டவில்லை. சூப்பை மட்டும் கேட்டு வாங்கிக் குடித்தது.

மெக்கானிக் அதிகம் பேசுபவன் இல்லை. முதல் ஞாயிற்றுக்கிழமை சமையலறை வாசலில் நின்று, "ஓவர்லோடு ஆயிடுச்சா?" என்று மட்டும் கேட்டான். அதன்பின் ஆறு கிளாஸ் இரண்டாகி, வாரம் என்பது மாதமாகி, ஆண்டுக்கு நாலைந்து தடவையோடு நின்றது. பதினோரு வருடம் ஓடிற்று. இத்தனை வருடத்தில் அவன் மனைவியிடம் ஆசையாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. லிஃப்டின் கம்பி வடத்துக்குக் கிரீஸ் போடுவதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவான். அவள் புதுச் சட்டை போட்டால் அதன் ஜிப்பைத்தான் சரிபார்ப்பான். மாமியாரோ உப்பு, மின்விசிறி, ஜன்னல் என்று தினம் ஒரு சண்டை வைத்திருந்தார். அவற்றில் எதுவும் மருமகளைச் சுட்டதில்லை. ஒரு வெள்ளிக்கிழமை பீன்ஸ் நறுக்கிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னதுதான் சுட்டது.

"அவன் குடிச்சா வலிக்க நான் இருந்தேன். அப்புறம் நீ வந்தே. நீ குடிச்சா யாருக்கு வலிக்கும்? தெரியாதுல்ல?"

பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி அந்தக் கேள்வி அவளோடு எல்லா நிறுத்தத்துக்கும் வந்தது. மறுநாள் மாலை, ஓய்வு பெறும் நடத்துநருக்கு டிப்போவில் விருந்து. ஞாயிற்றுக்கிழமைக்கு முன்கூட்டியே விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, இனிப்பான திராட்சை மதுவில் மூன்று கிளாஸ் குடித்தாள். முதல் கிளாஸ் இருமலைத் தந்தது. மூன்றாவது, பதினேழாம் எண் வழித்தடத்தின் எல்லா நிறுத்தங்களையும் ராகம் போட்டுப் பாட வைத்தது. தோழிகள் அவளை வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டார்கள். படுக்கும்போது அவளுக்கு ஒரே பயம்தான். காலையில் தன் தலையே வலித்தால்? அந்தத் தையல்காரர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த இரண்டு நாள் அவள் கண்ணுக்குள் வந்து நின்றது.

விடிந்தது. கண்ணைத் திறக்காமலே தலையை இடப்பக்கம் திருப்பினாள். ஒன்றுமில்லை. வலப்பக்கம் திருப்பினாள். அங்கும் ஒன்றுமில்லை. எழுந்து திரையை விலக்கினாள். வெயில் அப்படியே முகத்தில் விழுந்தது, வெயில் மாதிரியே இருந்தது. கையைத் தட்டிப் பார்த்தாள். தலை கழுவிக் கவிழ்த்த டம்ளர் மாதிரி சுத்தமாக இருந்தது. அப்படியானால் வேறு யாருக்கோ போயிருக்கிறது. கட்டிலின் மறுபக்கம் காலியாக இருந்தது. குளியலறையில் சீட்டிச் சத்தம் இல்லை. அப்போது சமையலறையில் தடதடவென்று பாத்திரங்கள் உருண்டன.

ஓடிப்போய்ப் பார்த்தாள். மெக்கானிக் இடது நெற்றியில் ஈரத்துண்டை அழுத்திக்கொண்டு, ஃபிரிட்ஜ் கதவைத் திறந்துவைத்து அதில் சாய்ந்து நின்றான். இடது கண் மட்டும் சிவந்திருந்தது. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"ரொம்ப வலிக்குதாங்க?"

"பாதி லோடுதான்," என்றான். "இடது பக்கம் மட்டும். மீதி எங்க போச்சுன்னு தெரியல."

மீதி மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தது. உருண்ட பாத்திரங்களுக்கு நடுவே, வலது நெற்றியில் துணி கட்டிக்கொண்டு, வலது கண் சிவந்து, வீட்டில் இருந்த ஒரே எலுமிச்சம்பழத்தை யாருக்கும் தரமாட்டேன் என்பதுபோல் கையில் இறுக்கிப் பிடித்தபடி மாமியார் உட்கார்ந்திருந்தார். அவள் பழத்தை வாங்கி இரண்டாக அரிந்து, இரண்டு டம்ளரில் பிழிந்தாள். இரண்டு வாழைப்பழம் எடுத்தாள். முட்டை இரண்டை அடுப்பில் வைத்தாள். சூப்புக்குத் தண்ணீர் ஊற்றும்போது அவளையறியாமல் பதினேழாம் எண் வழித்தடத்தை முணுமுணுத்தாள்.

"மடக்கு மடக்கா குடிங்க அத்தை. உங்களுக்கும் ரொம்ப வலிக்குதா?"

மாமியார் ஒரு மடக்கு விழுங்கிவிட்டு, சிவந்த ஒற்றைக் கண்ணால் மகனை முறைத்தார்.

"எங்க வலிக்குது? பாதிதானே எனக்கு வந்திருக்கு. மீதியை இவன் பிடுங்கிட்டான்!"