புது டேங்க்

கணவர் அங்கப்பனுக்கு ஊசி போட்டுவிட்டுச் சமையலறைக்குப் போய்ச் சோற்றுத் தட்டோடு சென்னியம்மாள் வந்தபோது அவர் வீட்டில் இல்லை. வாசலிலிருந்து அவர் கொடுத்த குரல் மட்டும் காதில் நின்றது. "அம்மணி, புது டேங்குகிட்ட நிக்கறேன், வந்துரு."

ஒரு வருஷமாக அவருக்கு ஞாபகம் கலைந்துகொண்டிருந்தது. சர்க்கரைக்கு ஊசி போட்டால் அரை மணிக்குள் சாப்பிட்டாக வேண்டும், இல்லாவிட்டால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி ஆளையே பார்க்க முடியாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

ஆட்டோக்காரர் சாமுவேல் அவளை ஏற்றிக்கொண்டு பறந்தார். போன வருஷம், தொண்ணூற்று மூன்றில் கட்டிய தண்ணீர்த் தொட்டிக்குத்தான் போனார்கள். அங்கே இரண்டு ஆடுகள் மேய்ந்தன. மனிதர் யாரும் இல்லை. அதற்குள் இருபது நிமிஷம் போய்விட்டது.

திரும்பி வந்து அக்பர் அலியின் டீக்கடையில் அழாத குறையாகக் கேட்டாள். "பாய், அவரு புது டேங்குன்னாருங்க. அங்க காணோமுங்க."

"அது அந்தப் புது டேங்கு இல்லீங்கம்மா. சிறுவாணித் தண்ணி வந்தப்ப நம்ம தெருவுல கட்டுன புது டேங்கு. இடிச்சு பன்னெண்டு வருசம் ஆச்சு. இப்ப கிளினிக் இருக்குதே, அங்கதான் இருந்துது."

"கிளினிக்கா? ஏனுங்க பாய், பைப்பு முடுக்குனவன் நானு," என்று நகராட்சியில் குழாய் பிட்டராக இருந்த சுந்தரராஜுலு டம்ளரை வைத்தார். "பட்டுக்கடை நிக்கற எடமுங்க. இந்த ஊர்லயே மொதத் தண்ணி எங்க வரிசைக்குத்தான் வந்துது."

"உங்க வரிசைக்கா? எங்க பள்ளிவாசல் சந்துக்கு வந்த மறுநாளுங்க!"

"உங்க பெருமை கெடக்கட்டுங்க!" சென்னியம்மாள் கத்திவிட்டாள். "என்ற மனுசன் செத்துப்போவாருங்க!"

அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. கல்யாணத்துக்கு முன்பு அந்த டேங்கில் தண்ணீர் பிடித்து, குடத்தை இடுப்பில் ஏற்றித் திரும்பினால் எதிரே தபால்பெட்டி. மில்லுக்குப் போகிற அங்கப்பன் தினமும் அதில் கடுதாசி போடுவது போல வெறுங்கையை நுழைத்துக்கொண்டு அவளைப் பார்ப்பார்.

"டேங்குக்கு எதிர்ல இருந்த தபால்பெட்டி இன்னும் இருக்குதுங்களா?"

"பட்டுக்கடை முன்னால," என்றார்கள் இருவரும் ஒரே குரலில். "எடுக்க வந்தாங்க. நாங்க உடுவமா?"

அக்பர் அலி ஒரு கை சர்க்கரையை அள்ளிக் காகிதத்தில் மடித்து அவள் கையில் திணித்தார்.

தபால்பெட்டியில் சாய்ந்தபடி பட்டுக்கடைப் படியில் உட்கார்ந்திருந்தார் அங்கப்பன். சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. கை நடுங்கியது. கடைக்காரப் பெண் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். சர்க்கரையைக் கரைத்து மடக்கு மடக்காகப் புகட்டினாள் சென்னியம்மாள். நடுக்கம் மெல்லக் குறைந்தது. அவர் சப்புக்கொட்டினார்.

"சிறுவாணிங்க," என்றார். "எவ்வளவு சர்க்கரை போட்டாலும் தெரிஞ்சுரும்."

ஊரில் எல்லோரிடமும் 'ங்க' போட்டுப் பேசுகிற மனிதர், நாற்பது வருஷத்தில் அவளிடம் ஒரு நாளும் போட்டதில்லை.

"அம்மணிதானுங்க நானு. பாருங்க என்னைய."

அவர் மரியாதையாக ஒதுங்கினார். "கொஞ்சம் தள்ளி உக்காருங்க அம்மா. தப்பா நெனைக்காதீங்க. இங்க ஒரு புள்ள கொடத்தோட வரும். உங்களோட பாத்தா ஏதாவது நெனச்சுக்கும்."

சென்னியம்மாள் டம்ளரைப் பிடித்தபடி ஒரு படி கீழே இறங்கி உட்கார்ந்தாள்.

"வருமுங்க," என்றாள். "அது வார வரைக்கும் இதக் குடிங்க."