மார்லிஸின் பீப்பாய்

நூற்று முப்பத்தைந்து டாலர். ஆர்லோ மார்லிஸுக்குக் கொடுக்க வேண்டியது அவ்வளவுதான்.

மகள் பள்ளிக்கூடம் முடித்த விருந்துக்கு மார்லிஸின் பாரிலிருந்து ஒரு பீப்பாய் பீர் எடுத்து வந்திருந்தான். முன்பணம் முப்பது டாலர். காலிப் பீப்பாயைத் திருப்பிக் கொடுத்தால் முப்பதும் திரும்ப வரும். ஆர்லோவின் கணக்கு வேறு. காசு கட்டியாச்சு, பீப்பாய் நமக்குச் சொந்தம். வீட்டில் பீர் காய்ச்சுகிற ஆசாமிகளில் பாதிப் பேருக்கு இந்த மயக்கம் உண்டு. மிச்சமிருந்த காற்றைத் திறந்துவிட்டு, அறுப்புச் சக்கரத்தால் மேல்மூடியை வட்டமாக அறுத்தான். அடியில் துளை போட்டுக் குழாய் வைத்தான். பீர் காய்ச்ச எவர்சில்வர் அண்டா ரெடி.

பீப்பாய் பீர்க் கம்பெனியின் சொத்து. வராவிட்டால் மார்லிஸிடம் நூற்று அறுபத்தைந்து பிடிப்பார்கள். முப்பதைக் கழித்த மிச்சம் ஆர்லோவின் தலையில்.

"பீப்பாயோ காசோ வர்ற வரைக்கும் வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்கு இந்தப் பக்கம் வராத" என்று மார்லிஸ் ஊரே கேட்கச் சொல்லிவிட்டாள். காகித ஆலையில் வாரம் மூன்று நாள் வேலைதான். வீட்டுச் செலவு போக நூற்று முப்பத்தைந்துக்கு எங்கே போவது? இருபது வருஷமாக வெள்ளிதோறும் அந்த பாரில் அதே மேசை, அதே நாலு பேர், அதே சீட்டாட்டம். வெள்ளிக்கிழமை வீட்டில் உட்கார்ந்தவனுக்குச் சோறே இறங்கவில்லை.

சனிக்கிழமை காலை, கார் கொட்டகையில் முதல் தடவையாகப் பீர் காய்ச்ச இறங்கினான். மீன்பிடிக்கக் கொண்டுபோகிற ஐஸ்பெட்டிக்குள் ரம்பத்தால் கீறல் கீறலாக அறுத்த செப்புக் குழாயை வளைத்துப் போட்டு வைத்திருந்தான். முளைகட்டி உலர்த்திய பார்லியை அதில் கொட்டி, வெந்நீர் விட்டு, மூடி ஒரு மணி நேரம். கீறல் வழியாக இனிப்புத் தண்ணீர் வடிய வேண்டும்.

வடியவில்லை. ஒரு சொட்டு, அப்புறம் அதுவும் இல்லை.

அந்த நேரம் பார்த்து எதிர் வரிசைக் கடையிலிருந்து மார்லிஸ் வந்து நின்றாள்.

"எங்கடா என் பீப்பாய்? செவ்வாய்க்கிழமை கம்பெனிக்காரன் எண்ண வர்றான்."

ஆர்லோ அடுப்பில் ஏற்றியிருந்த அண்டாவைக் காட்டினான். அவள் எட்டிப் பார்த்தாள்.

"அடப்பாவி! மண்டையை அறுத்துட்டியேடா!"

"திட்டுறத அப்புறம் திட்டுங்க மார்லிஸ். இது அடைச்சுக்கிட்டு நிக்குது."

அவள் பெட்டிக்குள் விரல் விட்டுத் தேய்த்துப் பார்த்தாள். "பார்லிய எதுல அரைச்ச?"

"காப்பிக்கொட்டை அரைக்கிற மிஷின்ல. நைசா இருந்தா இனிப்பு நிறைய எறங்கும்னு..."

"மாவாவே ஆக்கிட்ட. கேக் சுடப் போறியா? ரெண்டா மூணா ஒடைச்சா போதும்டா, உமி முழுசா நிக்கணும். அதுதான் வடிகட்டி."

நாற்பது வருஷம் பீர்க் குழாய் அடைப்பெடுத்த பொம்பளை. வெளியே தொங்கிய ரப்பர் குழாயை வாயில் வைத்து, கன்னம் உப்ப ஊதினாள். உள்ளே கொளகொளவென்று சத்தம். "இப்ப மேலாக்கக் கிண்டு. அவசரப்படாத." கொஞ்ச நேரத்தில் தேன் நிறத்தில் நூலாக வடிய ஆரம்பித்தது. அவன் பெண்டாட்டி கதவருகே நின்று கைதட்டினாள்.

பீப்பாய் நிறைந்து கொதிக்கும்வரை மார்லிஸ் போகவில்லை. அடியில் வைத்த குழாயையே குனிந்து குனிந்து பார்த்தாள்.

"வெல்டிங் வைக்கல. அப்புறம் எப்படிடா சொட்டாம நிக்குது?"

"ரெண்டு பக்கமும் நட்டு, நடுவுல ரப்பர் வளையம். ஆலையில தினம் செய்யுற வேலைதானே."

"என் கடையில ரெண்டு பீர்க் குழாய் ஒரு மாசமா ஒழுகுது. குழாய்க்காரன் மணிக்குத் தொண்ணூறு கேக்குறான்."

ஆர்லோ நிமிர்ந்தான். "அதே தொண்ணூறு எனக்கும் போடுவீங்களா?"

"போடுறேன். கடனுக்குக் கழிச்சுக்கோ. சொட்டுனா கழிவு கிடையாது."

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வேலையைத் தொடங்கினான். கவுன்டருக்கு அடியில் மல்லாந்து படுத்து, முதுகு முறிய, ரெண்டையும் கழற்றி மாட்டினான். பதினொன்றுக்கு முடிந்துபோனது. மெதுவாகச் செய்திருக்கலாம் என்று அப்போதுதான் உறைத்தது. கை பழகின வேகம், என்ன செய்வது.

மார்லிஸ் அடியில் காகிதம் விரித்துக் கால் மணி நேரம் காத்திருந்தாள். காகிதம் நனையவில்லை.

"ஒரு மணி நேரம். தொண்ணூறு. இன்னும் நாப்பத்தஞ்சு பாக்கி."

"குழாய்க்காரன் கடைக்கு வந்தாலே தனிக் காசு வாங்குவானே, அது எவ்ளோ?"

"நாப்பத்தஞ்சு" என்றாள். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தாள். "டேய், உன் வீடு எதிர் வரிசையிலடா! ரோட்டைத் தாண்டி வந்ததுக்கு நாப்பத்தஞ்சா?"

"வந்தது வந்ததுதானே, மார்லிஸ்."

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, கடன் நோட்டில் அவன் பெயர் மேல் அழுத்தி ஒரு கோடு போட்டாள்.

"தீர்ந்துச்சு, போ."