தர்ஸ்டன் வாக்கர்

“கில்பர்ட் மகன் தர்ஸ்டன், பிரபுவின் மானை அம்பெய்து கொன்றவன்” என்று ஊர் நீதிசபையில் எழுத்தர் வாசித்தார். என் புருஷன்தான் கில்பர்ட் மகன் தர்ஸ்டன். ஆனால் எங்கள் ஊரில் அதே பேரில் இன்னொருவனும் இருக்கிறான். எங்கள் வீடு ஓடைக்கரையில், அவர்களுக்குக் கிட்டத்தில் இருக்கிறதென்று காவலர்கள் என் புருஷனை இழுத்துவந்துவிட்டார்கள். மானுக்குப் பத்தடி பக்கத்தில் நின்று எய்த அம்பாம், காட்டுக் காவலன் சத்தியம் செய்கிறான். கோட்டைச் சிறைக்குப் போய் யார்க்ஷயரில் எவன் திரும்பியிருக்கிறான்?

“யோவ், வாயத் தொறந்து சொல்லேன், நீ இல்லன்னு!”

“சொன்னா நம்புவாங்களாடி?” என்றான். எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன.

வாசலுக்கு வாசல் மூத்திரம் வாங்கிவந்து, புளிக்கவைத்து, அந்தத் தொட்டியில் கம்பளித் துணியைப் போட்டு நாளெல்லாம் மிதிப்பது இவன் பிழைப்பு. மிதித்தால்தான் துணி இறுகும். அதனால் ஊரார் இவனை வாக்கர் என்பார்கள், துணி மிதிக்கிறவன் என்று. அந்தப் பேரைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். போன ஞாயிறு தேவாலய வாசலில், “என்னடி வாக்கர் பொண்டாட்டி, ஊரே மணக்குது?” என்று கேட்ட ஐசட்டோடு குடுமிப்பிடிச் சண்டையே போட்டேன். அவள் அந்த இன்னொரு தர்ஸ்டனின் மனைவி.

ஆபத்துக்குப் பாவமில்லை. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு, விசாரணை நடத்திய மணியக்காரர் முன்னால் போய் நின்றேன்.

“எசமான், இவரு வாக்கருங்க! கிட்டக் கூப்பிட்டுப் பாருங்க. இந்த நாத்தத்தோட மான் பக்கத்துல போக முடியுமா? நாலு வயலுக்கு அந்தாண்டயே ஓடிப்போயிருமே!”

கூப்பிட்டார். இவன் இரண்டடி வைத்தான். எழுத்தர் சட்டைக் கையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“மான் என்னங்க, நாங்களே ஓடுவோம்” என்றார் பஞ்சாயத்தார் பன்னிரண்டு பேரில் ஒருவர். சபையே சிரித்தது. நானும் சிரித்தேன், வெட்கமில்லாமல்.

“தர்ஸ்டன் வாக்கர்னு எழுது. இவன் புள்ளைங்களுக்கும் அதே பேர் இருக்கட்டும், இனிமே குழப்பம் வேணாம்” என்றார் மணியக்காரர். “இவன விட்டுரு. அந்த இன்னொருத்தனப் புடிச்சுட்டு வா.”

இன்னொருத்தன். அந்த நேரம்வரை அது என் புத்திக்கு எட்டவே இல்லை.

ஐசட் ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். “எம்மட், உன் வாயால எம் புருஷனுக்கும் ஒரு பேர் சொல்லுடி. அவரும் தப்பிச்சுக்கிற மாதிரி ஏதாவது ஒண்ணு. ஞாயித்துக்கெழம பேசுனத மனசுல வச்சுக்காதடி.”

அவன் எய்தானோ இல்லையோ, எனக்குத் தெரியாது. அவன் உழுகிறவன். எங்கள் ஊரில் உழாதவன் யார்? அவன்மேல் வெறும் மண் வாசனைதான், அதற்கு எந்த மானும் பயப்படாது.

வாயைத் திறந்தேன். ஒரு பேரும் வரவில்லை.