பன்னிரண்டாவது படம்

தாவரவியல் விரிவுரையாளருக்கு மாணவர்கள் வைத்த பெயர் எக்ஸ்ரே. தேர்வு அறையில் அவள் நடந்துபோனால் சட்டைக் கைக்குள் ஒளித்த பிட்டு தானாகவே நழுவிக் கீழே விழும் என்பார்கள். வீட்டுக்காரர் இன்னும் ஒரு படி மேலே போவார். "பால் வெள்ளையா இருந்தாலும், ஏன் இவ்வளவு வெள்ளையா இருக்குன்னு கேக்குறவ நீ."

முன்னாள் மாணவர் விழாவைப் போயும் போயும் அவள் தலையில்தான் கட்டினார் முதல்வர். சின்னக் கல்லூரி அது. பெருமை பேச அதற்கு இருந்ததெல்லாம் கூடத்துச் சுவரில் வரிசையாகத் தொங்கிய பதினோரு படங்கள். ஒரு நீதிபதி, ஓர் எலும்பு மருத்துவர், பாலங்கள் கட்டிய ஒரு பொறியாளர் என்று சாதித்தவர்களின் முகங்கள். பன்னிரண்டாவதாக வரப்போவது ஒரு சரக்குக் கப்பலின் கேப்டன். புயலில் கவிழ்ந்த மீன்பிடிப் படகை நோக்கித் தன் கப்பலைத் திருப்பி, ஒன்பது பேரை உயிரோடு தூக்கிய பெண்மணி. செய்தித்தாள்கள் எல்லாம் அவர் படத்தைப் போட்டிருந்தன.

"நம்ம காலேஜ் பொண்ணு!" என்று முதல்வர் பூரித்துப்போனார்.

"இத்தனை வருஷமா நம்ம பொண்ணு எங்க சார் இருந்தாங்க?"

"கடல்லதாம்மா இருந்தாங்க."

எக்ஸ்ரேவுக்கு அந்தப் பதில் தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை. கேப்டன் படித்ததாகச் சொல்லப்பட்ட அதே வருடங்களில் அவளுடைய அக்காவும் அங்கே படித்தவள். யார் யாருடன் சண்டை, யார் யாரிடம் பேனா வாங்கித் திருப்பித் தரவில்லை என்பது வரைக்கும் இன்றைக்கும் ஒப்பிப்பாள். அவளுக்குப் போன் போட்டாள்.

"எங்க செட்லயா? கப்பல் ஓட்டுறவளா?" அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "எங்க செட்ல பாதிப்பேரு பஸ்ல ஏறினாலே வாந்தி எடுப்பாளுங்கடி. அப்படி ஒருத்தி இல்லவே இல்லை."

எக்ஸ்ரேயின் மனதில் சந்தேகம் புகையத் தொடங்கியது.

விழா நாளில் கேப்டன் தனியாக வந்து இறங்கினார். குட்டை முடி, வெயிலில் கறுத்த கழுத்து. இறங்கியதுமே அலுவலகம் எந்தப் பக்கம் என்று காவலாளியைக் கேட்டார். படித்த கல்லூரியில் வழி கேட்கிறாரே! எக்ஸ்ரே சிரித்த முகத்தோடு கூடவே நடந்து, ஒரு தூண்டில் போட்டாள்.

"லேப் வாசல்ல இருந்த அந்தப் பெரிய மரத்தை வெட்டிட்டாங்க, பாத்தீங்களா?"

அங்கே மரமே இருந்ததில்லை.

கேப்டன் நின்று பார்த்தார். "மரமா? எனக்கு அப்படி ஒண்ணும் ஞாபகம் இல்லையே."

சரியான பதில்தான். ஆனால் எக்ஸ்ரேயின் மனம் அடங்கவில்லை. 'விவரமான ஆளு, சிக்கமாட்டேங்குது' என்று எண்ணிக்கொண்டாள்.

நேரே முதல்வர் அறைக்குப் போனாள். "சார், இவங்க நம்மகிட்ட பட்டம் வாங்கினவங்களா?"

"படிச்சவங்க."

"நான் கேட்டது அது இல்லை சார்."

முதல்வர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். "பேனர் கட்டியாச்சு. பத்திரிகைக்காரங்க வந்தாச்சு. இப்போ போய்க் கிளறாதீங்கம்மா." சொல்லும்போது அவர் கண்கள் அவள் முகத்தில் நிற்கவில்லை.

மேடைக்குப் பின்னால் இருந்த சிறிய அறையில் கேப்டன் மட்டும் உட்கார்ந்திருந்தார். எக்ஸ்ரே வாயைத் திறப்பதற்குள் அவரே கேட்டார். "வந்ததுலருந்து நீங்க என்னை ஒரு மாதிரி பாக்குறீங்க. நானும் உங்களை ஒண்ணு கேக்கணும். உங்க முதல்வர் எதுக்காக என்னைக் கூப்பிட்டார்?"

"இங்க படிச்சீங்கன்னுதான்."

"மூணே மாசம். போன்லயே அவர்கிட்ட சொன்னேன். பரவாயில்லை, மேடையில மட்டும் சொல்லிடாதீங்கன்னார். அதுலருந்து எனக்கு ஒரே உறுத்தல்."

"அப்புறம் ஏன் வந்தீங்க?"

கேப்டன் லேசாகச் சிரித்தார். "கப்பல் பயிற்சிக்கு இடம் கிடைச்சதும் சர்டிஃபிகேட்டைத் திருப்பி வாங்க இங்க வந்தேன். அப்போ இருந்த முதல்வர், 'பயந்துபோய்த் திரும்பி வருவே, அப்போ இங்க இடம் இருக்காது'ன்னார். இத்தனை வருஷம் கழிச்சு வந்திருக்கேன். இடம் சுவத்துல இருக்காம்."

கதை கச்சிதமாக இருந்தது. கச்சிதமான கதைகளை எக்ஸ்ரே நம்புவதில்லை. ஆனால் பொய் சொல்கிறவர்கள் பெருமையைக் கூட்டிச் சொல்வார்கள். தன் படிப்பைக் குறைத்துச் சொல்லிக்கொள்ளும் ஆளை அவள் இதுவரை பார்த்ததில்லை.

"இதை மேடையில சொல்வீங்களா?"

"சொன்னா உங்களுக்குத் தொந்தரவு வராதா?"

வரும் என்று அவளுக்குத் தெரியும். "சொல்லுங்க" என்றாள்.

கேப்டன் சொல்லிவிட்டார். முதல்வரின் சிரிப்பு உதட்டிலேயே உறைந்துவிட்டது. கேப்டன் அதோடு விடவில்லை. அந்தப் புயல் நாளைப் பற்றியும் பேசினார். தூரத்தில் தெரிந்த வெளிச்சம் வெறும் அலையின் மினுக்கம்தான் என்று கூட இருந்தவர்கள் எல்லாரும் அடித்துச் சொன்னார்களாம். "எனக்கு மட்டும் நம்பிக்கை வரலை. போய்ப் பாத்துடலாம்னு திருப்பினேன்." பின்வரிசையிலிருந்து கைதட்டல் எழுந்து முன்வரிசைக்கு வந்தது. முன்வரிசையில் சிலர் தட்டவில்லை.

கூட்டம் கலைந்ததும் முதல்வர் எக்ஸ்ரேயை மடக்கினார். "நீங்கதானே சொல்லச் சொன்னீங்க?"

"ஆமா சார்."

மறுவாரமே விழாப் பொறுப்பு வேறொருவருக்குப் போனது. ஆசிரியர் அறையில் அவள் நுழைந்தால் பேச்சு நின்றது. இவள் யாருக்காக வேவு பார்க்கிறாள் என்று சிலருக்குச் சந்தேகம். ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவளுக்கு, தன்னைச் சந்தேகப்படும் கண்களுக்கு நடுவே உட்கார்ந்து சாப்பிடுவது எப்படியிருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது. டிபன் டப்பாவைப் பாதியிலேயே மூடினாள்.

அக்காதான் திடீரென்று மாறிப்போனாள். "இப்போ நல்லா ஞாபகம் வருதுடி, என் பக்கத்துலதான் உக்காருவா!" எக்ஸ்ரே "அப்படியா" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தாள்.

கேப்டனின் படம் சுவரில் ஏறியது. கீழே 'இங்கே மூன்று மாதம் படித்தவர்' என்று எழுதினால்தான் மாட்டலாம் என்று அவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மற்ற பதினோரு படங்களின் கீழே யார் எத்தனை காலம் படித்தார் என்ற பேச்சே இல்லை.

இரண்டு வாரம் கழித்து அந்த வழியாகப் போனவள் சட்டென்று நின்றாள். வரிசையில் நீதிபதியைக் காணோம். படம் இருந்த இடத்தில் சுண்ணாம்பு மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

"கண்ணாடி விரிசல் விட்டுருச்சும்மா, மாத்தக் குடுத்திருக்கு" என்றார் பின்னாலேயே வந்த முதல்வர், அவள் கேட்பதற்கு முன்பே.