கம்பத்தின் பின்னால் ஒரு வரிசை

பேக்கரி முற்றத்தில் மினிபஸ் காலியாக உறுமிக்கொண்டிருந்தது. நோரா வண்டிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தாள்.

மலைக்கு அந்தப் பக்கத்து முதியோர் இல்லத்தில் அவள் கணவர் வில்ஃப் இருக்கிறார். பஸ் கம்பெனி இந்த வழித்தடத்தை நிறுத்தியதிலிருந்து அவரை அவள் பார்க்கவே இல்லை. அதற்காகத்தான் நாயாய் அலைந்து நகராட்சியிடம் பழைய வண்டியைக் கேட்டு வாங்கினாள். பேக்கரிக்கார சைக்ஸை டீசல் போட ஒப்புக்கொள்ள வைத்தாள். ஓட்டுவதற்கு ஊரில் முன்வந்த சிலரைப் பழக்கினாள். இன்று முதல் ஓட்டம். சோதிக்க வந்த நகராட்சிக்காரன் ஜூலியன், கூட்டம் வராவிட்டால் வண்டியைத் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்று முன்பே சொல்லியிருந்தான்.

"ஊர்ல ஒருத்தருக்கும் வேண்டாம் போலிருக்கே," என்றான்.

"வேண்டாமா? அங்க பாருங்க!"

தெருவளைவில், பழைய நிறுத்தக் கம்பத்தருகே, ஊரே குடைபிடித்து வரிசையில் நின்றது. வளைவில் வண்டி நிற்க அனுமதியில்லை, முற்றத்துக்கு வாருங்கள் என்று வீடு வீடாகச் சொல்லியாயிற்று. யார் கேட்டார்கள்! கம்பம் எங்கேயோ அங்கேதான் பஸ்.

நோரா ஓடினாள். "ஆக்ராய்ட் ஐயா, வண்டி அங்க நிக்குது. வாங்க!"

வரிசையின் தலையில் நின்ற கிழவர் அசையவில்லை. "நான் முதல் ஆளும்மா. நகர்ந்தா என் இடம் போச்சு. பின்னாடி இருக்கறவங்கள முதல்ல போகச் சொல்லு."

"அவருக்கு முன்னாடி நாங்க போறதா? சேச்சே!" என்றார்கள் பின்னால் நின்றவர்கள்.

"உங்க மரியாதையில இடி விழ!" நோராவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு லாரி இடித்த நாளிலிருந்து அந்தக் கம்பம் சிமெண்ட் வாளியில்தான் நின்றது. அவள் குனிந்து அதைப் பிடித்தாள். "வாங்க சைக்ஸ், நிறுத்தத்தையே தூக்கிடுவோம்!"

சைக்ஸ் மாவுக் கையோடு ஓடிவந்தான். இருவராலும் அசைக்க முடியவில்லை.

"அது நகராட்சி சொத்து!" என்று பதறினான் ஜூலியன். "நகர்த்த அனுமதி வேணும்."

"குடுக்கறது நீங்கதானே தம்பி? பிடிங்க!"

ஜூலியன் வானத்தைப் பார்த்தான். கோட்டைக் கழற்றினான். பிடித்தான்.

மூவரும் மூச்சிரைக்க நடந்தார்கள். பின்னால், ஒருவரும் முந்தாமல், ஒரு குடைகூட இடம் மாறாமல், வரிசை மாப்பிள்ளை ஊர்வலம்போல வந்தது. எப்பேர்ப்பட்ட ஜனம் என்று நோராவுக்கு மனம் நிறைந்துபோயிற்று.

முற்றத்தில் கம்பத்தை வைத்துவிட்டு மூச்சு வாங்கி நிமிர்வதற்குள் வரிசை ஏறி, வண்டியும் நிறைந்திருந்தது. மிச்சமிருந்த ஒரே இருக்கை, சோதிக்க வந்த ஜூலியனுக்கு. அவனும் ஏறி உட்கார்ந்தான். நோரா படியிலிருந்து பின்வாங்கினாள். "போயிட்டு வாங்க," என்று சிரித்து வைத்தாள்.

உள்ளே குடைக்காம்பு தரையில் இடித்தது. "நிறுத்துப்பா வண்டிய!" என்றார் ஆக்ராய்ட். "வரிசை கம்பத்துலதான் ஆரம்பிக்குது. கம்பத்தப் பிடிச்சிருந்தவ இவ. அப்போ எனக்கும் முன்னாடி இவதான்!"

வண்டி முழுக்கத் தலைகள் ஆடின. அந்தச் சட்டத்தை மறுக்க அந்த ஊரில் ஆளில்லை.

ஜூலியன் எழுந்து இறங்கினான். "ஏறுங்கம்மா. வண்டி நிறைஞ்சதத்தான் கண்ணால பாத்துட்டேனே."

சைக்ஸ் ஜன்னல் வழியாகச் சூடான ரொட்டிப் பொட்டலத்தை நீட்டினான். "வில்ஃபுக்குக் குடு. ஆறிடாம மடியில வச்சுக்க."

மடியில் அந்தச் சூட்டோடு நோரா திரும்பிப் பார்த்தாள். மழையில், கம்பத்தருகே, ஜூலியன் நேராக நின்றுகொண்டிருந்தான், அடுத்த வண்டிக்கு முதல் ஆளாக.