தார்ப்பாய்க்கு வெளியே நின்றவர்கள்

விடியும் முன்பே அவளுக்கு முழங்கை வரை களிமண் ஏறியிருந்தது. அச்சில் மண்ணை அறைந்து, வழித்து, கவிழ்த்து, அடுத்த கல். குந்தியபடியே பின்னால் நகர்ந்து நகர்ந்து செங்கல் அறுக்கிறவர்களுக்குக் கண்முன்னே இருப்பது முடித்த வேலைதான். வரப்போவதெல்லாம் முதுகுக்குப் பின்னால். அன்று மேகமும் அப்படித்தான் வந்தது.

தொங்கவிட்டிருந்த தண்டவாளத் துண்டை மேஸ்திரி அடித்தான். அந்தச் சத்தம் கேட்டால் சோற்றுத் தட்டை வைத்துவிட்டு ஓட வேண்டும். சுடாத பச்சைக்கல் நனைந்தால் கூலி கிடையாது என்பது அந்தச் சூளையின் சட்டம். ஓடினார்கள். காய வைத்த கல்மேல் விரித்த தார்ப்பாயைக் காற்று பிடுங்கியது. ஆளுக்கொரு ஓரத்தை மிதித்துக்கொண்டு நின்றார்கள். அவள் புருஷன் நெட்டையன் காற்றுக்கு எதிர்முனையில் நின்றான்.

"வானத்துக்குப் பக்கத்துல இருக்கிறவன் நீதான். மழை எவ்வளவு வரும்னு பார்த்துச் சொல்லுப்பா" என்றார் சூளைக்குத் தீப்போடுகிறவர்.

விழுந்தது மழையில்லை. எலுமிச்சை பருமனில் ஆலங்கட்டி. தோளில், காதில், புறங்கையில். பாய்க்குள் புகுந்திருந்தால் தப்பியிருப்பார்கள். கல்லுக்கு விரித்த பாயில் தங்களுக்கும் இடம் உண்டென்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

நெட்டையன் சத்தமில்லாமல் சரிந்தான். உச்சந்தலை பிளந்து, ரத்தம் முகத்தை மூடியது. அவள் பாய்ந்து வந்து கையிலிருந்த களிமண்ணை அப்படியே காயத்தில் அப்பினாள். சூளைச் சுவரில் விரிசல் கண்டால் மண் பூசி அடைக்கிற கை. அதற்கு வேறு வைத்தியம் தெரியாது.

ஆலங்கட்டி ஓய்ந்து மழை பிடித்தது. வாசலில் லோடு ஏற்றிய லாரி நின்றது. முதலாளி குடையோடு வந்தார்.

"ஐயா, லாரியைக் கொடுங்க. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"லோடு ஏத்தின வண்டிம்மா. வேற வண்டிக்குச் சொல்றேன், இரு."

"அதுவரைக்கும் இவரு இருப்பாரா?"

"தலையில பட்டா ரத்தம் அப்படித்தான் வரும். துணியைக் கட்டு, நின்னுடும்."

தீப்போடுகிறவருக்கு ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. மறு கண்ணால் முதலாளியைப் பார்த்தார். "ஏத்தினது நாங்கதானே. இறக்கவும் தெரியும்."

பின்கதவு திறந்தது. கை மாற்றிக் கை மாற்றிச் செங்கல் இறங்கியது; விரல் வீங்கியவர்களும் வரிசையில் நின்றார்கள். ஓர் ஆள் படுக்க இடம் கிடைத்ததும் பச்சைக்கல் மேலிருந்த தார்ப்பாயை உருவினார்கள், அவனைத் தூக்க.

"பாயை எடுக்காதீங்க. கல்லு கரையுது" என்று முதலாளி கத்தினார்.

"கரையட்டும்" என்றான் லாரிக்காரன், சாவியைத் திருப்பிக்கொண்டே.

அவசரப் பிரிவில் கட்டில் காலியில்லை. ஊரே அடிபட்டுக் கிடந்தது. தரையில் கிடத்தி, கழுத்து அசையாமல் பிடிக்கச் சொல்லி, டாக்டரம்மா கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். நர்ஸ் கழுவக் கழுவக் காயத்திலிருந்து மண் வந்துகொண்டேயிருந்தது.

"யாரும்மா இதுல மண்ணை வச்சது?"

"நான்தான்." மண் அப்பிய கையைப் பார்த்தாள். "நானே கொன்னுட்டேனா?"

"சுத்தம் பண்ணித் தைச்சுடுவோம். உள்ள ரத்தம் கட்டியிருக்கான்னு ஸ்கேன் எடுத்தாத்தான் தெரியும். இப்போ எதுவும் சொல்ல முடியாது."

அவள் சுவரோரம் உட்கார்ந்தாள். கையைக் கழுவ மனம் வரவில்லை. அந்த மண்ணில் அவன் ரத்தம் காய்ந்திருந்தது. மற்றவர்களும் பின்னாலேயே வந்துசேர, சுற்றிலும் சூளையே உட்கார்ந்திருந்தது, தலைக்கட்டும் கைக்கட்டுமாக.

மத்தியானம் மேஸ்திரி வந்தான். "மறுபடி மேகம் கட்டுது. நடக்க முடிஞ்சவங்க வந்து மிச்சக் கல்லை மூடணுமாம். வராதவங்க இனிமே வரவே வேணாம்னு முதலாளி சொல்லச் சொன்னாரு."

வெளியே இடி இடித்தது. பாழாய்ப்போன கால்கள், தாமாகவே எழுந்தன. அவளுடையதும்தான். எழுந்து நின்ற பிறகுதான் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

முதலில் அவள் உட்கார்ந்தாள்.

"எங்க தலைக்கு ஒதுங்க ஒரு கொட்டகை போடச் சொல்லு. இவங்க வைத்தியச் செலவை முதலாளி ஏத்துக்கணும். அப்புறம் கல்லைப் பத்திப் பேசலாம்."

தீப்போடுகிறவர் உட்கார்ந்தார். பிறகு மற்றவர்களும். மேஸ்திரியின் நெற்றியிலும் ஒரு புடைப்பு இருந்தது. அவன் திரும்பிப் போகவில்லை, வாசலிலேயே நின்றான்.

"கண்ணைத் திறக்கிறாரு, வாம்மா" என்று நர்ஸ் கூப்பிட்டாள்.

ஓடினாள். அவன் பார்வை எங்கோ இருந்தது. உதடு அசைந்தது. குனிந்து காதைக் கொடுத்தாள்.

"கல்லை மூடியாச்சா?"

கூரையில் மறுபடி ஆலங்கட்டி விழத் தொடங்கியது.

"மூடல" என்றாள், மண் காய்ந்த கையால் அவன் கையைப் பிடித்துக்கொண்டு. "ஒருத்தரும் போகல. எல்லாரும் இங்கதான் இருக்கோம்."